ஒன்பது நாற்பது மெசேஜ்

ஜூலை 14

இது எங்கள் பிரஸ்ஸில் அடித்த மாதிரி டைரி. கடைக்காரர்களிடம் காட்டுவதற்காக அடித்தது, அதனால் உள்ளே ஜனவரி மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும். தேதியை நானே எழுதிக்கொள்ள வேண்டும். ஓசியில் வந்ததைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.

எழுத ஆரம்பித்ததே சிங்க் புரோகிராம் படுத்தும் பாட்டால்தான். வேறு யாரிடம் சொல்லி அழ. எங்கள் டிசைன் ஆபீஸ் திருத்தங்கல் ரோட்டில், அச்சுக்குப் பிளேட் போடுகிற ஃபேக்டரி சாத்தூர் ரோட்டில். இங்கே வரைந்த காலண்டர் ஃபைல் எல்லாம் அங்கே இருக்கிற சர்வருக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. தினமும் காலை எட்டரைக்கு ஓடும், ஒன்பது நாற்பது வாக்கில் முடியும். முடிந்ததும் ஆபீஸ் நம்பரில் இருந்து வாட்ஸ்அப் குரூப்புக்கு "முடிந்தது" என்று மெசேஜ் போகும். பாதியில் நின்றால் சிவப்புப் புள்ளி வைத்து "நின்றுவிட்டது" என்று போகும். எல்லாம் நான் எழுதி வைத்ததுதான்.

இன்று சிவப்பு. மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனது. ஒரு வாரத்தில் இது மூன்றாவது தடவை. பதினான்கு பேர் இருக்கிற குரூப்பில் முதலாளி கேட்கிறார், "செல்வகனி, ஒங்க மிஷினுக்குக் காய்ச்சலா? கசாயம் குடுத்தீங்களா?" அதுக்கு நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பைண்டிங் சூப்பர்வைசர்கூடப் போட்டிருந்தான். அவனுக்கு மெயில் பாஸ்வேர்டு வாரம் ஒரு தடவை நான்தான் மாற்றிக் கொடுக்கிறேன்.

ஜூலை 17

மெமரி கார்டு கெட்டிருக்கும் என்று நினைத்து இரண்டையும் கழற்றி, தங்க நகையைத் துடைக்கிற மாதிரி துடைத்து மாட்டினேன். சோதனை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. புதிதாக இன்னும் இரண்டு வாங்கிப் போட்டு இரண்டு மடங்காக்கினேன். இரண்டு நாள் ஓடியது. இன்று மறுபடியும் சிவப்பு.

முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். ரத்னராஜ் சார் என்னைவிட மூன்று வயது சின்னவர். "கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு, இன்னும் அது என்ன கேக்குது? கெடாவெட்டா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பதில் சொன்னால் இன்னொன்று சொல்வார்.

ஜூலை 22

குரூப்பில் இனிமேல் சிவப்பு வராது. பார்த்துக்கொண்டேன்.

நின்றாலும் எனக்குத் தெரியும், புரோகிராம் தானே எழுதி வைக்கிற லாக்கில் இருக்கும். நின்ற அன்றைக்கு, விட்ட இடத்தில் இருந்து நானே கையால் மறுபடி ஓட்டிவிட்டால் பதினோரு மணிக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். ஃபேக்டரியில் தவசி அண்ணன் பிளேட் வேலையை எப்படியும் டீ குடித்துவிட்டுப் பதினொன்றுக்கு மேல்தான் ஆரம்பிப்பார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கசாயம், கெடாவெட்டு என்று ஊர் சிரிக்கிறது மட்டும் நிற்கும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கடைக்காரர்கள் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்கு இன்று பூஜை. சிவகாசியில் எல்லாப் பிரஸ்ஸிலும் இன்றைக்குத்தான். ஊர் உலகத்துக்கு இன்னும் இந்த வருஷமே பாதி பாக்கி இருக்கிறது, எங்களுக்கு அடுத்த வருஷம் வந்துவிட்டது. முருகர், பிள்ளையார், குழந்தை, ரோஜாப்பூ, மசூதி, மாதா என்று எல்லாரையும் வரிசையாகச் சுவரில் மாட்டிச் சூடம் காட்டினார்கள்.

பிளேட் செக்‌ஷன் தவசிலிங்கம் அண்ணன் எனக்கு ஒரு கை பொரியும் தேங்காயும் எடுத்து வைத்திருந்தார். முதலாளியின் அப்பா காலத்தில் இருந்து இருபத்திரண்டு வருஷமாகப் பிளேட் போடுகிறவர். "ஒம் மெசேஜு வந்த பிறகு எனக்கு நிம்மதி தாயி. முன்னாடியெல்லாம் ஆபீஸ் பையன் சிடியத் தூக்கிட்டு சைக்கிள்ல வருவான், அது வழியில விழுந்து கீறி, ஒரே ரோதனை. இப்ப ஒரு நாளும் செவப்பு வர்றதில்ல. கைராசிக்காரி நீ" என்றார். அவர் மகள் தங்கமாரிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அமையட்டும் அண்ணே என்றேன்.

இன்று காலைகூட நின்றுதான் போயிருந்தது.

ஆகஸ்ட் 19

கடைசியில் உட்கார்ந்து ஃபைல்களை எண்ணவிட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு லட்சம். திரையில் பார்த்துவிட்டு நான் தப்பாகப் படித்தேனோ என்று விரலை வைத்து எண்ணினேன்.

டிசைன் ஹெட் மேரி ஸ்டெல்லாவிடம் போய்க் கேட்டேன். அவள் சாவகாசமாக எனக்கு விளக்கினாள். ஒரு மளிகைக்கடை ஆர்டர் வந்தால் ஆல்பம் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து, கீழே கடை பெயரை மட்டும் மாற்றுவார்களாம். அடுத்த கடைக்கு மறுபடி முழுக் காப்பி. பதினொரு வருஷமாக இப்படித்தான். ஒரே முருகர் எங்கள் சர்வரில் எட்டாயிரம் இடத்தில் மயில் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"பழசை அழிக்கலாமே ஸ்டெல்லா."

"ஏன்க்கா, நீங்க வேற. போன வருஷக் கடைக்காரர் திடீர்னு வந்து அதே முருகர், அதே போன் நம்பருன்னு நிப்பாரு. அழிச்சேன்னு சொன்னா சார் என்னைய அழிச்சிருவாரு."

புரோகிராம் ஃபோல்டர் ஃபோல்டராகப் பெயர் வரிசையில் போகிறது. பார்த்த ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் மனசில் வைத்துக்கொண்டே போகிறது. போகப் போக மெமரி ரொம்பி, பாதி வழியில் மூச்சு முட்டி விழுகிறது. முதலில் இருக்கிற கடைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும், கடைசி ஃபோல்டர்கள் போகாது. ஆகக் கடைசியில் இருப்பது தேதித்தாள் ஃபோல்டர். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் அதுதான், நல்ல நேரம், முகூர்த்தம், அமாவாசை எல்லாம் அதில்தான். எல்லாக் கடைக்கும் பொது என்பதால் கண்ணில் படாமல் கடைசியில் இருக்கட்டும் என்று ஸ்டெல்லாதான் பெயருக்கு முன்னால் மூன்று இசட் போட்டு வைத்திருக்கிறாள்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்தும் தெரியும், ஒவ்வொரு ஃபோல்டராகத் தனித்தனியாக ஓட்ட வேண்டும். புரோகிராமைத் திருப்பி எழுத நாலைந்து நாளாகும். சீசன் நடுவில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. அதுவரை கையால் ஓட்டுவேன்.

செப்டம்பர் 9

மகள் ஸ்கூலில் மீட்டிங். பத்து மணி என்று சொல்லிப் பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். கணக்கில் கவனம் இல்லையாம். யாருக்குத்தான் இருக்கிறது. ஆபீஸ் வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. லாக்கைப் பார்த்தேன், நின்றிருந்தது. உடனே ஓட்டினேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது.

செப்டம்பர் 10

தவசி அண்ணன் நேற்றுக் காலையே சீக்கிரமாக வந்து தேதித்தாள் பிளேட் போட்டுவிட்டாராம். ஜவுளிக்கடை ஆர்டர் அவசரமாம். பஞ்சாங்கக்காரர் எட்டாம் தேதி சாயங்காலம் ஏதோ திருத்தம் கொடுத்திருந்தார் என்று ஸ்டெல்லா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சின்னத் திருத்தமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 11

கேட்கலாம் என்று பிளேட் செக்‌ஷன் வரைக்கும் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரை எதற்குத் தொந்தரவு பண்ண என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

தவசி அண்ணன் அச்சுத்தாள் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அமைந்துவிட்டது, விருதுநகர். தை பதினாறு, முகூர்த்த நாள் என்று தாளில் போட்டிருக்கிறது. காலண்டர் கடைக்கு வரும் முன்னாலேயே மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் ஊருக்குத் தெரியறதுக்குள்ள நல்ல நாளப் புடிச்சாச்சு. இந்த வேலையில நமக்கு இருக்கிற ஒரே லாவம் இதான் தாயி." மாப்பிள்ளை வீட்டாரிடம் தாளைக் காட்டி, இது நான் போட்ட பிளேட்டு என்று சொன்னாராம்.

சந்தோஷம் அண்ணே என்றேன். அவர் போன பிறகு ஸ்டெல்லாவின் திருத்தப் பட்டியலைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

செப்டம்பர் 26

புரோகிராமைத் திருப்பி எழுதி முடித்தேன். ஃபோல்டர் ஃபோல்டராக ஓடுகிறது, ஒன்று முடிந்ததும் அதன் மெமரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. முப்பத்தெட்டு லட்சமும் போய்ச் சேர்ந்தது. பாதி மெமரிகூடச் செலவாகவில்லை. நின்றால் நின்றது என்றும், முடிந்தால் முடிந்தது என்றும் மெசேஜ் போகிற மாதிரி பழைய வரியையும் திருப்பிப் போட்டுவிட்டேன். இனி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

மேலே எழுதினதைப் படித்தேன். ஏமாற்றினேன் என்று நான் எங்கே சொன்னேன். கை போன போக்கில் வந்த வார்த்தை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

சர்வருக்குச் சந்தனம், குங்குமம், அருகம்புல். காற்று போகிற ஓட்டையில் விபூதி போடாதீங்க என்று வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் போடுகிறார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஜூலையில் வந்த காய்ச்சலை மறுபடி வராமல் குணமாக்கின டாக்டரம்மா என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தவசி அண்ணன்தான் அதிக நேரம் தட்டினார்.

அக்டோபர் 9

ஜவுளிக்கடை மேனேஜர் காலையில் வந்து முதலாளி மேஜையில் காலண்டரைப் போட்டார். அறுபதாயிரம் அடித்து, தைத்து, அட்டையில் ஒட்டி, பாதி லாரியில் ஏறியாகிவிட்டது. தையிலும் மாசியிலும் ஐந்து நாள் தப்பு. முகூர்த்தம் இல்லாத நாளில் முகூர்த்தம், இருக்கிற நாளில் இல்லை. கல்யாணச் சேலை விற்கிற கடைக்காரன் கொடுக்கிற காலண்டரில் கல்யாணத் தேதி தப்பு.

பஞ்சாங்கக்காரரின் முதல் பிரதி அது. திருத்தம் ஏறவில்லை. தை பதினாறும் அந்த ஐந்தில் ஒன்று.

அக்டோபர் 11

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாளி ரூமில் அவர், ஜவுளிக்கடை மேனேஜர், தவசி அண்ணன், நான். முதலாளி அண்ணனைப் பார்த்து, "பிளேட் போடறதுக்கு முன்னால ஃபைல் புதுசா பழசான்னு பாக்கறதில்லையா?" என்றார்.

"ஒம்பது நாப்பதுக்கு முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்துச்சு சார். வந்த பிறகுதான் போட்டேன். என்னைக்கும் அப்படித்தான போடறது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மெசேஜ் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார்."

"திருத்தம் பண்ண ஃபைல் அங்க போச்சா?"

"போச்சு சார். லாக்ல இருக்கு. அன்னைக்குப் பன்னெண்டு அம்பதுக்குப் போயிருக்கு."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வந்தது என்றேன், வந்தது. போனது என்றேன், போனது. நேரம்கூடச் சரியாகச் சொன்னேன்.

மேனேஜர், "அப்ப அன்னைக்கே சரியான ஃபைல் வந்திருக்கு. மூணு மணி நேரம் பொறுக்காம இவரு அவசரப்பட்டிருக்காரு" என்றார். முதலாளி மேஜையில் இருந்த காலண்டரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆமா, அவசரம்தான்" என்றார். தவசி அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வார் பிய்ந்திருந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் அவர் கணக்கு முடித்து, டிபன் வாளியையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு போனார். தீபாவளிக்கு ஒன்பது நாள்.

அக்டோபர் 20, தீபாவளி

இட்லி, கறிக்குழம்பு. மகள் வெடி போட்டாள். எனக்குத் தலைவலி.

நவம்பர் 6

குரூப்பில் இருந்து தவசி அண்ணனை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியது நான்தான், நான்தான் அட்மின். தினமும் ஒன்பது நாற்பதுக்கு மெசேஜ் போகிறது. ஆபீஸ் நம்பர் என் போனில் இருப்பதால் யார் யார் படித்தார்கள் என்று தெரிகிறது. தினமும் முதலில் படிப்பவர் அவர்தான். வேலை இல்லாத ஆளுக்கு இந்த மெசேஜை வைத்து என்ன பண்ண?

ஸ்டெல்லா சொன்னாள், நாலு பிரஸ்ஸில் கேட்டுப் பார்த்தாராம். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேர் கெட்டால் நானூறு பிரஸ்ஸிலும் கெட்ட மாதிரி. விருதுநகர் மாப்பிள்ளை வீட்டில், "பிளேட் போட்டவருக்கே நாள் தெரியலையே" என்று பேசினார்களாம். கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. நடக்குமா என்றே சந்தேகமாம்.

ஸ்டெல்லா இதையெல்லாம் ஏன் என்னிடம் வந்து சொல்கிறாள் என்று தெரியவில்லை. நானா தள்ளி வைத்தேன்.

நவம்பர் 19

நான்தான் தள்ளி வைத்தேன்.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி ஒரு வரியை மாற்றினேன். நின்றாலும் முடிந்தது என்று சொல்லும்படி. அதை இந்த டைரியில்கூட முழுசாக எழுதவில்லை. யாராவது படித்துவிடுவார்கள் என்று பயந்தேனோ. முதலாளி ஒரு கசாயம் சொன்னார், நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதைத் தாங்கமுடியாமல் பண்ணின வேலை. மிஷினுக்கு மெமரி போதாதபோது அதுவாவது போதவில்லை என்று வாய்விட்டுச் சொன்னது. அந்த வாயையும் நான் பொத்தினேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ரிசர்வ்லைன் பக்கம் தவசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு சின்ன யூனிட்டில் இருந்து வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்கிறார்கள். காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டு வைத்துத் தகரம் அடிக்கிற வேலை. அவர் அடித்துக்கொண்டிருந்தார், தங்கமாரி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் சுத்தியலை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கு ரூம்ல பன்னெண்டு அம்பதுன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒம்பது நாப்பதுக்கு முடிஞ்சது எப்படி மறுபடி பன்னெண்டு அம்பதுக்குப் போகும்?"

"அப்ப ஏன் அண்ணே அங்கயே சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன். ஒன்னைய எதுக்கு நான் காட்டிக் குடுக்கணும், நீயே சொல்லிருவன்னு இருந்தேன். அன்னைக்குச் சொல்லல. சரி, பொம்பளப்பிள்ள, பயந்திருக்கும், நாளைக்குச் சொல்லும்னு பாத்தேன்." இன்னொரு தகரத்தை எடுத்து வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? தெரிஞ்சவன்கிட்டயே சொல்லிட்டு, அழுது, மனச லேசாக்கிட்டுப் போகப் பாக்குற. அந்தக் குரூப்ல போடு. பதினாலு பேரு பாக்கட்டும். எம் பேரு அங்கதான் போச்சு."

போடுகிறேன் அண்ணே என்றேன். இந்த முறை தாயி என்று அவர் சொல்லவில்லை.

டிசம்பர் 4

எழுதி எழுதி அழிக்கிறேன். "செப்டம்பர் 9 அன்று நடந்த தவறுக்குத் தவசிலிங்கம் அண்ணன் காரணமில்லை" என்பது வரை வருகிறது. அடுத்த வரியில் என் பெயர் வர வேண்டும்.

டிசம்பர் 9

முதலில் முதலாளியிடம் தனியாகச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. ரூமுக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன்.

அவர் போனைக் கீழே வைக்காமலே கேட்டார். "எனக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா செல்வகனி?" என்றார். "ஒம்பது நாப்பது எங்க, பன்னெண்டு அம்பது எங்க. அந்த மேனேஜருக்குத்தான் புரியல."

"தெரிஞ்சுமா சார் அவர அனுப்புனீங்க?"

"ஜவுளிக்கடைக்காரருக்கு யாராவது ஒரு ஆளக் காட்டணும். பிளேட் போட நாளைக்கே இன்னொருத்தன் வருவான். சீசன் நடுவுல ஒங்க சர்வரப் பாக்க யார் வருவா?" கொஞ்சம் சிரித்தார். "ஒருத்தர் பேரச் சொல்லியாச்சு. இப்பப் போயி அவரில்ல, இவருன்னு சொன்னா பிரஸ்ஸுக்குத்தான் அசிங்கம். குரூப்ல எதுவும் எழுதிக்கிட்டு இருக்காதீங்க. போயி வேலையப் பாருங்க."

சரி சார் என்றேன். என் வாயில் இருந்து அதுதான் வந்தது. வெளியே வந்ததும் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. வேலை போகவில்லை என்கிற நிம்மதி அது. ஐந்து மாதமாக எனக்கு வந்த கோபம் எல்லாம் முதலாளி மேல், சிரித்தவர்கள் மேல், ஸ்டெல்லாவின் மூன்று இசட் மேல். இன்று அந்த நிம்மதி வந்தபோதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

டிசம்பர் 10

இன்று போடலாம் என்று இருந்தேன். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஆரம்பம்.

டிசம்பர் 23

ஒன்பது நாற்பதுக்கு மெசேஜ் போனது. முதலில் படித்தவர் தவசி அண்ணன். அவர் எந்த மெசேஜுக்காக இத்தனை நாள் குரூப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 1

இந்த டைரியில் முதல்தடவையாக மேலே அச்சடித்திருக்கிற தேதியும் நான் எழுதுகிற தேதியும் ஒன்றாக இருக்கின்றன.

காலையில் புதுக் காலண்டரை மாட்டினேன். திருத்தி மறுபடி அடித்தது, சரியானது. எட்டரைக்கு சிங்க் ஆரம்பித்தது, ஒன்பது முப்பத்தெட்டுக்கு எல்லா ஃபோல்டரும் போய்ச் சேர்ந்தன. ஒரு பிழையும் இல்லை, லாக்கை இரண்டு தடவை பார்த்தேன். ஒன்பது நாற்பதுக்கு "முடிந்தது" என்று மெசேஜ் போனது. நாலு பேர் ஹேப்பி நியூ இயர் போட்டார்கள். முதலாளி ஒரு முருகர் படம் போட்டார்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. தவசிலிங்கம் வெளியேறினார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குரூப்பில் இப்போது பதின்மூன்று பேர்.